கழுத்தில் மாலை, காலில் மலை

கார்த்திகை முதல் தேதி விடிவதற்குள் எங்கள் தெருக் குழாயடியில் குடங்களுக்குப் பதிலாக ஆண்கள் வரிசையில் நிற்பார்கள். முந்தின நாள் வரை ‘டேய்’ என்று கூப்பிடப்பட்ட லோடு ஆட்டோக்காரர், கழுத்தில் துளசிமணி ஏறியதும் ‘சாமி’ ஆகிவிடுவார். டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர். கடன் கொடுத்தவர்கூட ‘சாமி, மலைக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்’ என்று நகர்ந்துவிடுவார். பீடி இல்லை, பாட்டில் இல்லை, கவிச்சி இல்லை. இரண்டு வேளை பச்சைத்தண்ணீர்க் குளியல், பாயில் படுக்கை, வெறுங்கால் நடை. டாக்டர் பத்து வருடமாகச் சொல்லியும் கேட்காத உடம்பு, 108 மணி கோத்த ஒரு மாலைக்குக் கட்டுப்படுகிறது.

நம்பிக்கை, மன உறுதி, உடற்பயிற்சி மூன்றும் சேர்ந்தால் நோய் அண்டாது என்று சொல்பவர்கள் இந்தச் சபரிமலை விரதத்தைத்தான் முதல் சாட்சியாகக் காட்டுவார்கள். சாட்சி சரிதான். ஆனால் குறுக்கு விசாரணை செய்யாமல் விட முடியாது.

முதலில் மன உறுதி. சபரிமலைக்கு மாலை போட்டவர் குடியை விட்டது அவருடைய வைராக்கியத்தால் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் சந்தேகம். மன உறுதி என்பது தொட்டித் தண்ணீர் மாதிரி, எடுக்க எடுக்கக் குறையும் என்று 1998இல் அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டர் ஒரு சோதனை நடத்திக் காட்டினார். சுடச்சுட பிஸ்கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முள்ளங்கியை மட்டும் தின்னச் சொல்லப்பட்டவர்கள், அடுத்துக் கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். அதே கருத்தை 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள், 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து வேறொரு முறையில் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. தொட்டி இருக்கிறதா என்பதே இன்று கேள்வி. மாலை போட்டவருக்கு அந்தத் தொட்டி தேவைப்படவும் இல்லை. ‘குடிக்கலாமா, வேண்டாமா’ என்று ஒவ்வொரு சாயங்காலமும் அவர் மல்லுக்கட்டுவதில்லை. அந்தக் கேள்வியே எழாதபடி ஊர் பார்த்துக்கொள்கிறது. கறுப்பு வேட்டி பத்தடி தூரத்திலேயே தெரியும். அந்த வேட்டியோடு மதுக்கடை வாசலில் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்? இரவு பஜனைக்கு ஆள் வரவில்லையென்றால் மாலை போட்டுவிட்ட குருசாமி வீட்டுக்கே வந்துவிடுவார். இதைத் தனிமனித உறுதி என்பதைவிட, பலபேர் சேர்ந்து தூக்கும் சப்பரம் என்பது பொருத்தம்.

நம்பிக்கையின் கதை கொஞ்சம் சிக்கலானது. அமெரிக்க ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்யும் 84 பெண்களிடம் ஆலியா கிரம், எலன் லாங்கர் என்ற இருவர் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. பாதிப் பேரிடம், ‘நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சி’ என்று விளக்கிச் சொன்னார்கள். நான்கு வாரத்தில் அவர்களுடைய எடையும் ரத்த அழுத்தமும் சற்று இறங்கியிருந்தன. சொல்லப்படாதவர்களுக்கு மாற்றம் இல்லை. வேலை அதிகமாகவில்லை என்று அவர்களே சொன்னார்கள். அவர்களே சொன்னார்கள் என்பதுதான் இடறும் இடம்: கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருக்கலாம், இனிப்பைக் குறைத்திருக்கலாம், யார் அளந்தார்கள்? ஆனாலும், ஒரு செயலுக்கு அர்த்தம் கிடைத்ததும் உடம்பு அதை வேறு விதமாக ஏற்றுக்கொள்கிறது என்பதை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பச்சைத்தண்ணீர்க் குளியல் தண்டனையாக இல்லாமல் வேண்டுதலாக மாறும்போது ஒரு மனிதனின் முகம் மாறுவதை வருடாவருடம் குழாயடியில் பார்க்கிறேன்.

இந்த விரதம் சறுக்குவது மூன்றாவது காலில், உடற்பயிற்சியில்.

ஒரு காலத்தில் பக்தர்கள் நாள்கணக்கில் நடந்தே சபரிமலையை அடைந்தார்கள். எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பைக்கு வரும் பெருவழிப்பாதை அந்த நடையின் மிச்சம். மலை வருவதற்குள் கால் பழகியிருக்கும். இன்று வேன் நிலக்கல்லில் இறக்கிவிடுகிறது, அங்கிருந்து பஸ் பம்பைக்கு. 41 நாள் வயிற்றையும் நாக்கையும் கட்டிய மனிதர், அத்தனை நாளும் வீட்டிலிருந்து பஜனை மடம் வரைதான் நடந்திருப்பார். பயிற்சி முழுவதும் கடைசி நாளுக்கு, நீலிமலையும் அப்பாச்சிமேடும் செங்குத்தாக நிற்கிற அந்த ஏற்றத்துக்கு, ஒத்திவைக்கப்பட்டுவிட்டது. தலையில் இருமுடி, முதுகில் கூட்டத்தின் நெருக்கல், தூங்காத இரவு வேறு.

இது என்ன செய்யும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1993இல் அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 1,228 பேரை விசாரித்து ஓர் ஆய்வு வெளியானது. கடும் உழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் அபாயம் மொத்தத்தில் சுமார் 6 மடங்கு கூடுகிறது. வாரத்தில் ஐந்து நாளாவது உடலை உழைக்கவைத்தவர்களுக்கு அது 2.4 மடங்கு. ஒரு நாள்கூட உழைக்கவைக்காதவர்களுக்கு 107 மடங்கு. அந்த ஏற்றத்தில் வழிநெடுக இதய சிகிச்சைக்கும் பிராணவாயுவுக்கும் மையங்கள் வைத்திருப்பது அழகுக்காக அல்ல.

நான் மலைக்குப் போன வருடத்தில் அப்பாச்சிமேட்டில் ஒரு சாமியைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். ஓரத்துச் சுவரில் உட்கார்ந்து இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நெற்றிச் சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்குநுனியில் சொட்டியது. ‘வாயுதான் சாமி, ஒரு சோடா குடிச்சா சரியாப்போயிடும்’ என்றார். கூட வந்தவர் இன்னும் உற்சாகமாக, ‘பதினெட்டாம் படி மிதிக்காம ஐயன் விடமாட்டான், எழுந்திருங்க’ என்று கையைப் பிடித்து இழுத்தார். காலை நகர்த்த உதவிய அதே நம்பிக்கை, நெஞ்சு சொல்வதைக் காதில் விழாமல் செய்துகொண்டிருந்தது. பக்கத்து மையத்திலிருந்து வந்த பையன் ஒருவன் வாதாடாமல், ‘சாமி, ரெண்டு நிமிஷம் படுங்க, அப்புறம் ஏறலாம்’ என்று கூட்டிப்போனான். இருமுடியை மட்டும் அவர் கடைசிவரை கையைவிட்டு இறக்கவில்லை.

மாத்திரைக்கும் இதே கதிதான். விரதம் இருப்பதால் சர்க்கரை மாத்திரை வேண்டாம் என்று தானாக நிறுத்துபவர் ஒருபுறம். ஒருவேளைச் சாப்பாட்டோடு பழைய அளவு மாத்திரையையே விழுங்கி, சர்க்கரை இறங்கி மயங்கி விழுபவர் மறுபுறம். நரம்பு மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு வெறுங்காலில் குத்திய முள், புண்ணாகும்வரை தெரியாது. மருந்தை நிறுத்தாதீர்கள், சில நாள் முன்பே நடந்து பழகுங்கள் என்று கேரள சுகாதாரத் துறை சொல்லித்தான் வருகிறது. குருசாமி சொன்னால் ஏறும், சுற்றறிக்கை சொன்னால் ஏறுமா?

மொடாக்குடியர் விஷயம் இன்னும் கூர்மையானது. தினமும் அளவில்லாமல் குடித்தவர் மாலை போட்ட அன்றே ஒரேயடியாக நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, உளறல் எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து. அது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நேரம். சுற்றியிருப்பவர்கள் ‘சாமி குத்தம்’ என்று எலுமிச்சம்பழம் சுற்றிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

இன்னொரு கணக்கையும் யாரும் எழுதுவதில்லை. 10 முதல் 50 வயது வரையான பெண்களுக்கு மலைக்குத் தடை என்ற வழக்கத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதன்பின் நடந்த கலவரமும் சீராய்வு மனுக்களும் தெரிந்தவை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. உடல்நலக் கணக்கை மட்டும் பார்த்தாலும், நான்கு மணிக்கு எழுந்து, அடுப்படி கழுவி, தனிப் பாத்திரத்தில் சமைப்பவர் மனைவிதான். விரதத்தின் உழைப்பில் பாதி அவருடையது. சாமி என்ற மரியாதையும் மலைக்காற்றும் அவருக்குக் கிடையாது. மேல்மருவத்தூர்க் கோயிலுக்குச் சிவப்புப் புடவையும் இருமுடியுமாகப் பெண்கள் பஸ் பஸ்ஸாகப் போவதைப் பார்க்கும்போது, இந்தக் குறை பலருக்கும் உறைத்திருக்கிறது என்றே தோன்றும்.

இவ்வளவு சொன்ன பிறகும் மாலையைக் கழற்றி எறியச் சொல்ல நான் தயாரில்லை. லண்டனில் 96 பேரை வைத்துப் பழக்கம் எப்படிப் படிகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று தெரிந்தது. 41 நாள் மோசமான தொடக்கம் அல்ல. அந்த நாள்களில் விடிகாலை ஒரு மணி நேரத்தை நடைக்கு ஒதுக்க எந்த சாஸ்திரமும் குறுக்கே நிற்கவில்லை. பஜனை மடத்துக்குப் பதினைந்து பேர் வருகிறார்கள். அதே பதினைந்து பேரை ஏரிக்கரை வரை நடத்திக் கூட்டிப்போக ஒரு குருசாமியால் முடியும்.

எங்கள் லோடு ஆட்டோக்காரர் மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றி, ஐயப்பன் படத்து ஆணியில் மாட்டினார். மறுநாள் பழக்க தோஷத்தில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டதாம். குளித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ‘என்ன சாமி’ என்றேன். ‘இனிமே என்ன சாமி’ என்று சிரித்தார். எதிரில் பஜனை மடம் பூட்டிக் கிடந்தது. இனி அடுத்த கார்த்திகைக்குத்தான் திறப்பார்கள்.