உருவப்படக் கலையில் சட்டமும் வெட்டும்

ஒருவரின் உருவப்படத்துக்கு எல்லை கட்டும் வேலை இருமுறை நடக்கிறது: படம் பிடிக்கும்போது வியூஃபைண்டரில் ஒருமுறை, அச்சிடும்போது இருட்டறையிலோ கணினியிலோ மறுமுறை. முதல் எல்லையே முடிந்த எல்லை என்பது ஒரு மரபு. இரண்டாவதில்தான் படம் உருப்பெறுகிறது என்பது மற்றொன்று.

தொடக்ககால ஸ்டூடியோக்கள் இரண்டையும் பற்றிக் கவலைப்படவில்லை. பாரிஸின் திஸ்தேரி 1854இல் காப்புரிமை பெற்ற சிறு அட்டைப்படங்களில் ஆள் தலை முதல் கால்வரை நிற்பார். தூணும் திரைச்சீலையும் உடன் நிற்கும். முகம் விரல்நகம் அளவே இருக்கும். அதே நகரில் நாடார் என்னும் புனைபெயர் கொண்ட ஃபெலிக்ஸ் தூர்னஷோன் அலங்காரங்களை அகற்றினார். வெறும் பின்னணி, முழங்காலுக்கு மேற்பட்ட உருவம், பக்கவாட்டு ஒளி, இவை மட்டுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

முகத்தையே முழுப்படமாக்கும் துணிவு ஜூலியா மார்கரெட் கேமரனிடம் இருந்தது. கல்கத்தாவில் பிறந்த அவர், 48ஆம் வயதில், 1863இல் மகள் பரிசளித்த கேமராவுடன் தொடங்கியவர். 1867இல் எடுத்த வானியலாளர் ஜான் ஹெர்ஷலின் படத்தில் இருளைத் தவிர வேறு பின்னணி இல்லை. கலைந்த வெண்முடியும் கண்களுமே சட்டத்தை ஆள்கின்றன. ஃபோகஸ் சரியில்லை என்று அக்காலத்தவர் குறை கூறினர். இன்று அந்த மென்மையே அவருடைய அடையாளம். 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து அங்குள்ள ஊர்மக்களையும் படமெடுத்த அவர், 1879இல் அங்கேயே மறைந்தார்.

இதற்கு நேரெதிர் ஜெர்மனியின் ஆகஸ்ட் சாண்டர். ஆளின் தொழிலும் நிற்கும் இடமும் சட்டத்துக்குள் வராமல் அவரை அறிய முடியாது என்பது அவர் கொள்கை. 1928இல் எடுத்த இனிப்புப் பண்டக்காரரின் படத்தில் பருத்த உடல், கையில் பெரிய கிண்ணம், பின்னே சமையற்கூடம். மார்போடு வெட்டினால் மிஞ்சுவது மீசை வைத்த யாரோ ஒருவர்தான்.

வெட்டினாலேயே பிறந்த படங்களும் உண்டு. 1946இல் ஆர்னால்ட் நியூமன் எடுத்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படத்தில், திறந்த பியானோ மூடியின் கரிய வடிவம் சட்டத்தை நிறைக்கிறது. மனிதரோ கீழ் இடது மூலையில் கையில் தலைசாய்த்திருக்கிறார். நெகட்டிவின் மிச்சப் பரப்பை நியூமன் தயங்காமல் நீக்கினார். கேட்டு வாங்கிய இதழ் அதை வெளியிடவில்லை. 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஆல்பெர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேராவின் படத்தில், ஒருபுறம் வேறொருவரின் பக்கத்தோற்றமும் மறுபுறம் பனையோலைகளும் இருந்தன. இரண்டையும் வெட்டி நீக்கிய பிறகே, அது எந்த இடத்துக்கும் கட்டுப்படாத முகமாயிற்று.

வெட்டாக் கொள்கையின் பெரும்பெயர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். அவரும் 1932இல் எடுத்த, பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னே நீர்தாண்டும் மனிதரின் படத்தை வெட்டித்தான் அச்சிட்டார். ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கில் எடுத்த படங்களை ஃபிலிமின் கரிய ஓரத்தோடு அச்சிட்டார். எதையும் வெட்டவில்லை என்பதற்கு அந்த ஓரமே சாட்சி.

இம்மரபுகளிலிருந்து சில அளவுகோல்கள் திரண்டன. மூட்டில் வெட்டக் கூடாது என்பது முதன்மையானது: மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றில் சட்டம் முடிந்தால் உறுப்பு துண்டானதுபோல் தோன்றும். தொடை நடுவிலோ மேற்கையின் நடுவிலோ முடிந்தால் கண் உறுத்தாது. நெருக்கப் படத்தில் உச்சந்தலையை வெட்டலாம். மோவாயை வெட்டினால் முகம் குலைந்துவிடும். பார்வை போகும் திசையில் இடம் விடுவது வழக்கம். அதை மறுத்தால் படத்தில் ஓர் இறுக்கம் வரும், சில முகங்களுக்கு அதுவே பொருந்தும். வெட்டுவதால் முக அமைப்பின் விகிதம் மாறாது. மூக்கு பெரிதாய்த் தெரிவது கேமரா நின்ற தூரத்தால்தான். பின்னர் எவ்வளவு வெட்டினாலும் அது சரியாகாது. 24 மெகாபிக்சல் படத்தின் நீள அகலங்களைப் பாதியாக்கினால் 6 மெகாபிக்சலே மிஞ்சும். கடுமையான விதி கடவுச்சீட்டுப் படத்துக்கு உண்டு: சர்வதேச அளவுகோலின்படி, சட்டத்தின் உயரத்தில் முகம் 70 முதல் 80 சதவீதம் இருக்க வேண்டும்.

தமிழ் ஸ்டூடியோக்களில் வெட்டு மிகுதியாகப் பயன்படுவது நினைவுப் படங்களில். தனிப்படம் இல்லாமல் மறைந்த பாட்டியின் முகத்தைக் கல்யாணக் குழுப்படத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கி, பின்னணி மாற்றி, மாலைக்கு ஏற்ற மார்பளவுப் படமாக்குகிறார்கள். அருகில் நின்றவரின் தோளோ மடியிலிருந்த குழந்தையின் கையோ அப்போது மறைகிறது. கத்தரிக்கோலால் மூலப்படத்தையே வெட்டிய வீடுகளில் பாட்டியின் அருகில் நின்றது யார் என்பதும் போய்விட்டது. ஆகவே குழுப்படத்தை முழுதாக ஸ்கேன் செய்து, நிற்பவர் பெயர்களை வரிசையாக எழுதிவைத்துவிட்டு, பிரதியை மட்டுமே வெட்டுங்கள்.