குடல் அடைப்பில் எம்.ஆர்.ஐ.: எங்கே முந்தும், எங்கே பிந்தும்?

வயிற்றுவலி, வாந்தி, வயிற்று உப்பல், மலமும் காற்றும் பிரியாமை. இவை சேர்ந்து வந்தால் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது குடல் அடைப்பைத்தான். பெரியவர்களுக்குச் சிறுகுடல் அடைபடுவதற்கு முதன்மைக் காரணம், முன்பு செய்த வயிற்று அறுவைக்குப் பின் குடல் ஒட்டிக்கொள்வது. குடலிறக்கம், கட்டி, காசநோய்ச் சுருக்கம் ஆகியவையும் உண்டு. இதைக் கண்டறிய இன்று பரவலாக நாடுவது சி.டி. ஸ்கேனை. கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ. அதன் இடத்தைப் பிடிக்குமா?

எம்.ஆர்.ஐ.க்கு நோயே ஒரு வகையில் உதவுகிறது. அடைப்புக்கு மேலே தேங்கும் நீர் டி2 எனப்படும் வகை எம்.ஆர்.ஐ. படங்களில் வெள்ளையாகத் தெரிவதால், மருந்து எதுவும் குடிக்காமலே குடலின் வடிவம் துலங்கிவிடுகிறது. 3 செ.மீ.க்கு மேல் விரிந்த சிறுகுடல் எங்கே சட்டென்று குறுகுகிறது என்று தொடர்ந்து பார்க்கலாம். ஒரு நொடிக்குள் ஒரு படம் பிடிக்கும் முறைகள் வந்ததால், குடலசைவில் படம் கலங்குவதும் குறைந்திருக்கிறது. அடுத்தடுத்த படங்களை ஓடவிட்டால் குடல் அசைவதையே காணலாம்.

ஆனால் குடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிட்டால், சில மணி நேரமே கையில் இருக்கும். சி.டி. சில நிமிடங்களில் முடியும்; குடல் ஓட்டையாகி வெளியேறிய காற்றையும் தெளிவாகக் காட்டும். எம்.ஆர்.ஐ.யில் அந்தக் காற்று எளிதில் கண்ணுக்குத் தப்பும். வாந்தி எடுப்பவர் குறுகிய குழாய்க்குள் மல்லாந்து படுத்து, சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்குவதும் கடினம். நள்ளிரவில் அந்த எந்திரத்தை இயக்கவும் படத்தைப் படித்துச் சொல்லவும் ஆள் கிடைக்காத மருத்துவமனைகள் பல.

மெல்ல மெல்லக் குடல் சுருங்கும் குரோன் நோயில் கணக்கு மாறுகிறது. இளம் வயதிலேயே தொடங்கி, பல முறை ஸ்கேன் கேட்கும் நோய் அது. ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சு ஏற்க வேண்டியதில்லை என்பது பெரிய ஆதாயம். குடல் முழுதும் அடைபடும் முன்பே சுருக்கம் தெரிந்தால் சிகிச்சையைத் திட்டமிடலாம். எனினும் அந்தச் சுருக்கம் மருந்துக்கு அடங்கும் வீக்கமா, கத்தி தேவைப்படும் தழும்பா என்பதை எம்.ஆர்.ஐ. எப்போதும் உறுதியாகச் சொல்வதில்லை. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

கர்ப்பிணிகளுக்கும் எம்.ஆர்.ஐ. பொருத்தமானது; அடைப்பைக் காண, கர்ப்பத்தில் தவிர்க்கும் கடோலினியச் சாய ஊசி தேவையில்லை. ஆனால் குடல் அழுகும் அபாயம் தெரிந்து, எம்.ஆர்.ஐ. உடனே கிடைக்காவிட்டால், கதிர்வீச்சுக்கு அஞ்சி சி.டி.யைத் தள்ளிப்போடுவது தவறு. தாமதம் தாய்க்கும் சிசுவுக்கும் அதைவிடப் பெரிய ஆபத்து.