ஆட்டம் வெளியே நடக்கிறது

ஒரு ரக்பி ஆட்டத்தைப் பற்றி மூன்று அங்க நாடகம். ஆட்டத்துக்கு முன்பு, இடைவேளையை ஒட்டி, ஆட்டம் முடிந்த பிறகு. ஆனால் ஆட்டம் கண்ணில் படுவதே இல்லை. வீரர்கள் உடைமாற்றும் அறைக்கு ஒவ்வொருவராக வருகிறார்கள், கோட்டைக் கழற்றி மாட்டுகிறார்கள், தொடையில் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள், ஜெர்சி அணிந்து வெளியே ஓடுகிறார்கள். டேவிட் ஸ்டோரியின் ‘தி சேஞ்சிங் ரூம்’, லிண்ட்சே ஆண்டர்சன் இயக்கத்தில் 1971இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறியது.

ஸ்டோரி வேக்ஃபீல்டைச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளியின் மகன். லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டே, வார இறுதியில் ரயிலேறி வடக்கே போய் லீட்ஸ் கிளப்புக்கு ரக்பி லீக் ஆடியவர். அந்த அறையின் ஈரமும் குளிரும் அவர் உடம்பு அறிந்தவை.

ரக்பி லீக் பிறந்ததே கூலிப் பிரச்சினையில்தான். சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆட வரும் தொழிலாளிக்கு இழந்த சம்பளத்தை ஈடுகட்ட வேண்டும் என்று கேட்ட வட இங்கிலாந்து கிளப்புகள், 1895இல் ஹட்டர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியே பிரிந்தன. ஸ்டோரியின் வீரர்களும் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு வருபவர்கள்தான்.

இதை வெறும் யதார்த்த நாடகம் என்று முத்திரை குத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. கெண்டல் என்ற வீரரைப் பாருங்கள். வீட்டில் மரவேலை செய்வதற்காக மின்கருவிப் பெட்டி ஒன்றை வாங்கி, ஆட்டத்தன்று அறைக்கே கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டுகிறார். களத்தில் மூக்கு உடைகிறது. கைத்தாங்கலாக அழைத்து வருகிறார்கள். கண் சரியாகத் தெரியவில்லை. அந்த நிலையிலும் பெட்டி எங்கே என்றுதான் தேடுகிறார். ரத்தம் நிஜம், பெட்டியும் நிஜம். இரண்டும் ஒரே மனிதனிடம் சேரும்போது பார்ப்பவருக்குச் சிரிப்பு வருகிறது, உடனே தொண்டை அடைக்கிறது. அபத்தம் என்பதை இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய காட்சிகள் நவீன நாடகத்தில் குறைவு. பிராட்வேயில் கெண்டலாக நடித்த ஜான் லித்கோ 1973இல் டோனி விருது பெற்றார்.

அபத்த நாடகாசிரியர் பெக்கெட்டின் நாடகமொன்றில் இரு நாடோடிகள் வெட்டவெளியில் வராதவனுக்காகக் காத்திருக்கிறார்கள். ஸ்டோரியின் ஆட்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. கை நிறைய வேலை. தேய்ப்பது, கட்டுவது, குளிப்பது, துவட்டுவது என்று ஒவ்வொன்றும் துல்லியம். அந்தத் துல்லியம் கூடக் கூட, இத்தனையும் எதற்காக என்ற கேள்வி வலுக்கிறது. காரணமான ஆட்டமோ சுவருக்கு அப்பால்.

துப்புரவுப் பணியாளர் ஹாரியை மறக்க முடியாது. இந்தக் குளிர் ரஷ்யர்களின் வேலை என்று அவர் உறுதியாக நம்புகிறார். அவர் தள்ளாடும் பித்தராக மேடையில் வந்தால் நாடகமே கெட்டுவிடும். வானிலையைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்ல வேண்டும். கிளப் முதலாளி கணப்பருகே குளிர்காய வருகிறார், போகிறார். வீரர்களும் குளித்துக் கிளம்புகிறார்கள். கடைசியில் அறையில் ஹாரியும் துடைப்பமும்தான்.