செவ்வாயில் ஒரு தமியன்: நகையின் களன்

செவ்வேளைச் செவ்வாய்க் கோளின் தெய்வமாகப் போற்றும் எம் திருத்தணி மாணாக்கர்க்கு, அக்கோளைப் பாழ்நிலமாகக் காட்டும் ஆண்டி வீயரின் 'தி மார்சியன்' (2011) புதுமையே. ஆங்குத் தமியனாய் விடப்பட்ட வாட்னி உருளைக்கிழங்கு விளைத்து உயிர் காக்கிறான். கணக்கு மலிந்த இந்நெடுங்கதையை இலக்கியமன்று என்பாருளர், யாம் உடன்படோம்.

அவன் நாட்குறிப்பெங்கும் நகை மிகுகின்றது. தொல்காப்பியர் நகைக்கு வகுத்த களன் நான்கனுள் முதலதாகிய எள்ளலைப் பேராசிரியர் இருவகைப்படுத்துவர்: பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டு நகுதல். இரண்டிற்கும் பிறர் வேண்டும். தமியனுக்குப் பிறர் யாவர்? என்றேனும் அக்குறிப்பைப் படிப்பாரை முன்னிறுத்தியே அவன் தன்னை எள்ளுகிறான். உரை காணாத மூன்றாம் வகை இஃது என்பது எம் துணிபு. ஆயின் அந்நகை அச்சத்தை மறைப்பதோடு ஏக்கத்தையும் விழுங்கிவிடுகின்றது. தான் இறப்பின் பெற்றோரைக் காணுமாறு குழுவினர்க்கு எழுதுமிடம் நெஞ்சுருக்குவது. ஆசிரியரோ அதனை விரைந்து கடந்து மீண்டும் கணக்கிற்கே செல்கிறார்.