சால்வைக்கு முன்னால் சில கேள்விகள்: சபைத் தன்னார்வலர் பற்றி ஒரு குறிப்பு

"சபையில வேலை செய்ய ஆள் கிடைக்க மாட்டேங்குது" என்ற புலம்பலை எங்கே போனாலும் கேட்கிறேன். இதற்கு மருந்து சொல்லும் கையேடுகளுக்கும் கருத்தரங்குகளுக்கும் குறைவில்லை. எல்லாமே மூன்று படியில் முடிந்துவிடுகின்றன. ஆட்களைச் சேர், நல்லபடியாக நடத்து, மறக்காமல் பாராட்டு. ஒவ்வொருவருடைய வரத்தையும் கண்டுபிடித்து அதற்கேற்ற வேலையைக் கொடுங்கள், பயிற்சி கொடுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை விருந்து வையுங்கள் என்கிறார்கள். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த அறிவுரை யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான் இதைக் கண்ணமங்கலத்தை வைத்து யோசிக்கிறேன். வேலூரிலிருந்து போளூர் போகிற வழியில், காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் உள்ள சின்ன ஊர். மேற்கே ஜவ்வாது மலை. இந்த மாதிரி ஊர்ச் சபையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யார் வீட்டுப் பிள்ளை, யாருக்கு யார் சொந்தம், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் தெரியும். கையேடு கற்பனை செய்கிற ஆள் வேறு: சனிக்கிழமை விடுமுறை, சொந்த வண்டி, கொஞ்சம் ஓய்வு நேரம், "நான் எதில் உதவலாம்?" என்று தானாக வந்து கேட்கிற சுதந்திரம். இங்கே வாரம் முழுக்க கூலி வேலைக்கோ வேலூருக்கோ போய்வரும் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்கும் நாள். அவரிடம் போய் உங்கள் வரம் என்ன என்று படிவம் நீட்டினால் என்ன எழுதுவார்?

முதலில் வார்த்தையைப் பார்ப்போம். "தன்னார்வலர்" நம் சபைகளுக்குப் புதுச் சொல். பழைய சொற்கள் உபதேசியார், கோயில்பிள்ளை, பைபிள் உமன். இந்த வட ஆற்காட்டுப் பகுதியில் ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷனும் மற்ற மிஷன்களைப் போலத்தான் வேலை செய்தது. கிராமத்தில் தங்கி ஜெபம் நடத்தியவர், பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர், நோயாளியைப் பார்க்கப் போனவர், பெரும்பாலும் மிஷனிடம் சம்பளம் வாங்கியவர். சம்பளம் சொற்பம். ஆனாலும் அது வேலை என்று கணக்கில் இருந்தது. சபையார் பெற்றுக்கொள்பவர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு மிஷன் பணம் குறைந்தது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பொறுப்பு உள்ளூர்க்காரர் கைக்கு வந்தது, நல்ல விஷயம். ஆனால் என் வாசிப்பில் ஒன்று நடந்தது: சம்பளம் போன இடத்திலெல்லாம் வேலை போகவில்லை. அது "ஊழியம்" என்ற பெயரில் வீட்டுப் பெண்கள் பக்கம் நகர்ந்தது. ஞாயிறு பள்ளி, பாய் விரிப்பது, பெருக்குவது, ஐக்கிய விருந்துக்குக் காய் நறுக்குவது. இதைச் செய்கிறவர்களைப் பார்த்து "ஆள் இல்லை" என்று சொல்வது எப்படி? ஆள் இருக்கிறார்கள். கணக்கில்தான் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது ஆளும் நம்முடையவர், பணமும் நம்முடையது என்பதே அடிப்படை. தென் மாவட்டச் சபைகளில் பிடியரிசிக் காணிக்கை எல்லாருக்கும் தெரியும். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியாக எடுத்து வைப்பது. காசு கையில் இல்லாத பெண்ணும் கொடுப்பவளாக ஆகிற ஏற்பாடு அது. 1912-ல் தோர்ணக்கல் பேராயரான பிறகு அசரியா இன்னும் ஒரு படி போனார். ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் தலையில் கை வைத்து, நற்செய்தி சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்ற பொருளில் 1 கொரிந்தியர் 9:16-ஐ ஒட்டி உறுதி சொல்வார். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா கூலித் தொழிலாளிகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். இவர்களால் என்ன முடியும் என்று ஊர் நினைத்ததோ, அவர்களையே சாட்சி வாரத்தில் அனுப்பினார்.

அசரியா தன்னார்வலர்களைச் சேர்க்கவில்லை, அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார் என்று இதைப் படிக்கலாம். எல்லாரும் ஊழியர் என்றால் தனியாகச் சேர்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? எனக்கு இது பிடித்த யோசனை. ஆனால் இன்று அதே வாக்கியம் வேறு வேலைக்குப் பயன்படுகிறது. "எல்லாரும் ஊழியர்தானே, இதுக்கெல்லாம் நன்றி எதிர்பார்க்கலாமா?" என்று ஒரு அக்காவின் வாயை அடைக்கவும் அது உதவுகிறது.

நமக்குப் பக்கத்திலேயே, ஜவ்வாது மலைக்கு மறுபுறம் திருப்பத்தூரில், 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியது. மருத்துவர் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் சேர்ந்து நடத்தினார்கள். ஜேசுதாசன் "பெரியண்ணன்", பேட்டன் "சின்னண்ணன்". வெள்ளைக்காரர் தம்பி ஸ்தானத்தில் இருந்ததே அந்தக் காலத்தில் ஒரு செய்தி. அங்கே சேவை செய்தவர்கள் சம்பளத்துக்காக இருக்கவில்லை. ஆனால் கூரையும் சாப்பாடும் பொதுவில் இருந்தன. இந்த வித்தியாசம் முக்கியம். சம்பளம் இல்லை என்பது வேறு, செலவையும் நீயே பார்த்துக்கொள் என்பது வேறு. கண்ணமங்கலத்திலிருந்து மலையடிவாரக் கிராமத்துக்குப் போய் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிற பெண், பஸ் காசையும் வண்ணத்தாள் காசையும் தன் கையிலிருந்து போட்டால், அவர் நேரத்தை மட்டுமல்ல, அந்த நாள் கூலியையும் சேர்த்துக் கொடுக்கிறார்.

ஆசிரமத்தை அப்படியே மாதிரியாக எடுக்கவும் முடியாது. மணமாகாமல் முழு வாழ்வையும் கொடுத்தவர்களின் ஒழுங்கு அது. இரண்டு பிள்ளைகளும் படுத்த படுக்கையில் மாமியாரும் இருக்கிற வீட்டுக்கு அது பொருந்தாது. இன்னொன்று, உறவுமுறை அழைப்பு இருபக்கமும் வெட்டும். "அண்ணன் கேட்டா முடியாதுன்னு எப்படிச் சொல்றது?" நம் சபைகளில் பாதிப் பொறுப்புகள் இப்படித்தான் ஒருவர் தலையில் விழுகின்றன. முடியாது என்று சொல்ல இடமில்லாத வேலையைத் தன்னார்வம் என்று அழைக்கலாமா?

வேதத்தில் ஆள் சேர்ப்பதற்கு நல்ல உதாரணம் அப்போஸ்தலர் 6. கையேடுகள் அதைக் காட்டும், ஆனால் முதல் வரியைத் தாண்டிப் போய்விடும். அது ஒரு முறுமுறுப்பில் தொடங்குகிறது. கிரேக்கு மொழி பேசுகிறவர்களின் விதவைகள் அன்றாட விசாரணையில் கவனிக்கப்படவில்லை. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. தகுதியைச் சொல்லி, தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சபையிடமே கொடுத்தார்கள். தேர்வான ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது. நம்மிடம் குறை சொல்கிறவர் பெயர் கமிட்டிப் பட்டியலிலிருந்துதான் முதலில் போகும்.

இங்கே நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று. யார் பெருக்குகிறார்கள், யார் வேதபாடம் வாசிக்கிறார்கள்? யார் பாத்திரம் கழுவுகிறார்கள், யார் காணிக்கை எண்ணுகிறார்கள்? எந்தச் சபையிலும் ஒரு வருஷப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வரத்தைப் பொறுத்து வேலை பிரிந்திருக்கிறதா, அல்லது சாதி, பால், படிப்பு, வசதி ஆகியவற்றைப் பொறுத்தா? பெருக்கும் வரம் ஒரே வீட்டுக்கு மூன்று தலைமுறையாக வந்தால் அது வரம் இல்லை.

பாராட்டுக்கு வருவோம். நம் ஊரில் பாராட்டு என்றால் மேடை, சால்வை, நினைவுப் பரிசு. கோயில் திருவிழாவின் முதல் மரியாதை வழக்கம் சபைக்குள்ளும் இருக்கிறது. மரியாதையில் வரிசை உண்டு, வரிசையில் படிநிலை உண்டு. நன்கொடை கொடுத்தவருக்கு முதல் சால்வை, சமைத்தவர்களுக்குக் கடைசியில் "சமையல் குழுவினருக்கும் நன்றி". பெயர் கூட இல்லை.

ரோமர் 16-ஐப் பாருங்கள். பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்ற பெண்கள் பாடுபட்டு உழைத்தார்கள் என்று தனியாகக் குறிப்பிடுகிறார். நெகேமியா 3 இன்னும் கறார். எருசலேம் அலங்கத்தில் எந்தப் பகுதியை யார் கட்டினார், அவருக்கு அடுத்து யார் என்று வரிசையாக எழுதி வைக்கிறது. தெக்கோவா ஊரின் பிரபுக்கள் வேலைக்குத் தோள் கொடுக்கவில்லை என்பதையும் விடவில்லை. அங்கே பாராட்டு என்பது உண்மையான கணக்கு.

ஆகவே சால்வை வாங்குவதற்கு முன் சிலவற்றைச் செய்யலாம். ஒவ்வொரு பொறுப்புக்கும் காலக்கெடு வையுங்கள், ஒரு வருஷம் முடிந்தால் மன வருத்தம் இல்லாமல் விலகலாம் என்று இருக்கட்டும். ஒரு வேலைக்கு இரண்டு பேர், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வகுப்பு நிற்காது. பஸ் காசும் பொருள் செலவும் சபைக் கணக்கிலிருந்து. பெருக்குவதும் வாசிப்பதும் எல்லா வீடுகளுக்கும் முறை வைத்துச் சுற்றட்டும், கமிட்டி உறுப்பினர் வீடு உட்பட. வேலை செய்கிறவருக்கு அந்த வேலை பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் ஓட்டு. ஆண்டறிக்கையில் யார் என்ன செய்தார் என்று பெயரோடு ஒரு பக்கம்.

இதில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. அதிகாரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அது கஷ்டம் என்பதால்தான் சால்வை சுலபமாகத் தெரிகிறது.