அனுமதியும் அறிவிப்பும்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலோரமாகப் போனால் ஆலந்தலை. அதைத் தாண்டிக் கல்லாமொழி, அப்புறம் குலசேகரப்பட்டினம். அங்கேதான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். அதற்கே கணிசமான எரிபொருள் செலவாகிவிடும். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே விடலாம். சிறிய ராக்கெட் கட்டும் தனியாருக்கு இந்தக் கரை வரப்பிரசாதம்.

அந்தத் தனியாரில் முன்னோடிகளில் ஒன்று சென்னையின் அக்னிகுல் காஸ்மோஸ். நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் நியூயார்க்கில் நிதித்துறையில் வேலை பார்த்தவர். 2017இல் மொயின், ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி ஆகியோருடன் அவர் இதைத் தொடங்கியபோது, தனியார் ராக்கெட் விட யாரிடம் அனுமதி கேட்பது என்பதற்கே இந்தியாவில் வழி கிடையாது. அனுமதி தரும் இன்ஸ்பேஸ் அமைப்பு 2020இல்தான் அறிவிக்கப்பட்டது. அந்த டிசம்பரிலேயே இஸ்ரோவின் வசதிகளைப் பயன்படுத்தும் ஒப்பந்தத்தில் அக்னிகுல் கையெழுத்திட்டது.

கெடுபிடியான துறையில் நுழைகிற இளம் நிறுவனங்களுக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு: முதலில் செய்துவிடுவது, பிறகு மன்னிப்புக் கேட்பது. அமெரிக்காவின் ஸ்வார்ம் நிறுவனம், தன் நாட்டு ஆணையம் மறுத்த பிறகும் 2018 ஜனவரியில் நம்முடைய பிஎஸ்எல்வியிலேயே செயற்கைக்கோள்களை அனுப்பி, 9 லட்சம் டாலர் கட்டித் தப்பித்தது. அக்னிகுல் அந்த வழிக்குப் போகவில்லை. ஸ்ரீஹரிகோட்டா வளாகத்துக்குள்ளேயே தனக்கென்று ஏவுமேடை அமைத்தது. ஒட்டோ இணைப்போ இல்லாமல் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சின். எரிபொருள் மண்ணெண்ணெய், அதை எரிக்கத் திரவ ஆக்சிஜன். நான்கு முறை ஏவலை நிறுத்தினார்கள், கடைசி முறை சில நொடிகளே மிச்சமிருந்தபோது. 2024 மே 30 காலையில் ராக்கெட் எழுந்தது. முதலீட்டாளர் பணம் கரைந்துகொண்டிருக்கும்போது கைநழுவும் தேதியைப் பொருட்படுத்தாமல் நிறுத்துவது பெரிய ஒழுக்கம். ஒழுங்குமுறை ஒரு நிறுவனத்தை மெருகேற்றியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஒழுங்குமுறையின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது. துறையை வளர்க்க வேண்டிய பொறுப்பும், அதைத் தட்டிக்கேட்க வேண்டிய பொறுப்பும் இன்ஸ்பேஸ் ஒன்றிடமே. ஏவுதளமும் பாதுகாப்புச் சோதனையும் இஸ்ரோ கையில். அதே இஸ்ரோ உருவாக்கிய எஸ்எஸ்எல்வி இதே சந்தைக்கான ராக்கெட். 1972ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கைப்படி, ராக்கெட் விழுந்து பிற நாட்டவருக்குச் சேதம் ஆனால் பொறுப்பு ஏவிய நாட்டின் தலையில். அந்தப் பொறுப்பை நிறுவனத்தோடு எப்படிப் பகிர்வது என்பதை நாடாளுமன்றம் இயற்றும் சட்டம்தான் சொல்ல வேண்டும். 2017இல் வரைவு வெளியானது. கொள்கையும் வழிகாட்டு நெறிகளும் வந்துவிட்டன, சட்டம் வரவில்லை. நிறுவனரும் அதிகாரியும் நல்லவர்களாக இருப்பதை நம்பி ஓடுகிற ஏற்பாடு இது.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறு. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று ஸ்ரீஹரிகோட்டாவை அடுத்த பழவேற்காட்டு மீனவருக்கு அறிவிப்பு வரும். நாளை அது ஆலந்தலைக்கும் வரும். விடியலுக்கு முன் ஃபைபர் படகில் வலையேற்றுகிறவருக்கு ஒரு நாள் தொழில் என்பது அன்றைய அடுப்பு. நான்கு முறை ஏவலை ஒத்திவைத்தால், நிறுவனருக்கு அது பொறுமை. மீனவருக்கு நான்கு அறிவிப்பு. பாதுகாப்புக்காக நிறுத்தும் பண்பை நாம் எவ்வளவு போற்றுகிறோமோ, அதன் செலவை யார் சுமக்கிறார் என்பதை அவ்வளவு கவனமாகக் கணக்கிட வேண்டும்.

இந்தக் கடற்கரைக்கு அரசுக் கெடுபிடி புதிதல்ல. 1961இல் கடைசியாக நடந்த தூத்துக்குடி முத்துக்குளிப்பு, நாளும் இடமும் அரசு குறிக்க நடந்த தொழில்தான். ஆங்கிலேயர் காலத்திலேயே மூழ்கி எடுத்தவனுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு விதிப்படி உண்டு. ராக்கெட் தொழிலிலும் கடலை நம்பியவருக்கு அப்படியொரு பங்கை விதியாக்க முடியும். ஏவல் அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்றாக, கடல் மூடப்படும் ஒவ்வொரு நாளுக்கும், ஒத்திவைத்த நாட்களையும் சேர்த்து, கரையோர ஊர்களுக்கு நிறுவனம் இழப்பீடு தரவேண்டும் என்று எழுதலாம். தேதி குறிக்கும் முன் ஊர்க் கமிட்டியிடம் பேச வேண்டும் என்றும் சேர்க்கலாம். அரசு கேட்கும்வரை காத்திராமல், குலசேகரப்பட்டினத்தில் முதல் ஏவலுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனரே இதைத் தன் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுக்கலாம்.