குறுகத் தெரிந்த டிரைவர்

மயிலாப்பூரில் பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகளைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான். அதற்குள் கர்நாடக இசைப் பாடகர் ஜி.என்.பி. எதைப் பாடினார் என்பதைவிட, எதை விட்டார் என்பதில்தான் எனக்கு ஆச்சரியம் அதிகம். அதே ருசி கிடைக்கிற இன்னோர் இடம், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் விழுந்தபிறகு ஒண்டுக்குடித்தன மெமரியில் டிஸ்க்கை ஓட்டும் டிரைவர் நிரல்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, தி.நகர் ஜவுளிக்கடையொன்றில் பில் போடும் சர்வர் சுருண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏன் விழுந்தது என்பதற்கான தடயமெல்லாம் மெமரியில்தான் இருக்கிறது; அணைத்துப் போட்டால் போயே போயிற்று. விழுந்த கெர்னலையே எழுதச் சொல்லவும் முடியாது, டிஸ்க்கையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அதற்காகத்தான் கேடம்ப். பூட் ஆகும்போதே 256 எம்.பி. போல ஒரு துண்டு மெமரியை ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றை ஏற்றி வைத்துவிடுவார்கள். முதலாவது விழுந்ததும், பயாஸ் பக்கமே போகாமல், இது எழுந்துகொள்ளும். 2005இல் 2.6.13 கெர்னலில் இது சேர்ந்தது. அதே ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் இதை விளக்கிய கட்டுரையை எரிக் பீடர்மேனோடு சேர்ந்து எழுதியவர்கள் விவேக் கோயலும் ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தாவும்.

டிரைவருக்குச் சோதனை இங்கேதான் ஆரம்பம். சாதாரண நாளில் அது தாராளப் பேர்வழி. ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு க்யூ, ஒவ்வொரு க்யூவிலும் நூற்றுக்கணக்கான கட்டளைகள், ஒவ்வொரு கட்டளைக்கும் முன்கூட்டியே மெமரி. பல நூறு ஜி.பி. உள்ள சர்வரில் அது பொருட்டே இல்லை. 256 எம்.பி.யில் அதே கை வீச்சோடு புகுந்தால் மெமரி தீர்ந்து, தடயத்தை எழுத வந்த கெர்னலும் செத்துப்போகும்.

ஆகவே டிரைவர் முதலில் தான் எங்கே இருக்கிறோம் என்று விசாரிக்கிறது. டிஸ்க் கண்ட்ரோலர்களை ஓட்டும் மெகாரெய்டு டிரைவர் தன் கட்டளை எண்ணிக்கையை 100க்குள் அடக்கிக்கொள்கிறது. எல்லா டிஸ்க் டிரைவர்களுக்கும் பொதுவான பிளாக் அடுக்கு, க்யூ ஆழத்தை 64க்கு மேல் விடுவதில்லை. ஒரே 'இஃப்', அதற்குள் ஒரு சின்ன ஒப்பீடு, அவ்வளவுதான். முன்பு அதே இடத்தில் க்யூக்களின் எண்ணிக்கையையும் வலுக்கட்டாயமாக ஒன்றாக்கும் வரி இருந்தது. டிரைவர் ஒரு கணக்கிலும் பிளாக் அடுக்கு வேறு கணக்கிலும் இயங்கி வம்பானதால் அதை எடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் கேடம்ப் கெர்னல் ஒரே சிபியுவில் ஓடுவதால் க்யூவும் தானாகவே ஒன்றாகிவிடுகிறது. எடுத்தது நல்ல காரியம் என்றே சொல்வேன். சிக்கனம் டிரைவருக்குத் தெரிந்து நடக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் நடக்கக் கூடாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பயாஸைத் தாண்டி வந்ததால் கண்ட்ரோலருக்கு முதல் கெர்னல் விழுந்த சேதியே தெரியாது. பழைய கட்டளைகளுக்கான தரவைப் பழைய முகவரிகளில் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒதுக்கிய துண்டை முதல் கெர்னல் தன் வேலைக்குப் பயன்படுத்தியதே இல்லை என்பதால் அங்கே கொட்டாது. அந்தத் தைரியத்தில் டிரைவர் நிதானமாகக் கண்ட்ரோலரை ரீசெட் செய்து, பழசையெல்லாம் மறக்கவைத்து, பிறகுதான் முதல் கட்டளையைக் கொடுக்கிறது.

டிரைவருக்கு மேலே ஓடி, தடயத்தை வடிகட்டி எழுதும் மேக்டம்ப்ஃபைல் கருவிக்கும் இதே அடக்கம் கைவந்திருக்கிறது. மெமரியின் எந்தப் பக்கம் வேண்டும், எது வேண்டாம் என்று குறித்துக்கொள்ள, பக்கத்துக்கு ஒரு பிட். ஒரு டி.பி. மெமரியை 4 கே.பி. பக்கங்களாகக் கணக்கிட்டால் ஒரு குறிப்புப் பட்டியலுக்கு 32 எம்.பி.; அதற்கு வேண்டியவை இரண்டு. கையில் இருப்பதில் கால்வாசி அதிலேயே போய்விடும். இடம் போதாதபோது பட்டியலை மொத்தமாக வைத்துக்கொள்ளாமல், ஒரு பகுதியைக் குறித்து, எழுதி முடித்து, அதே இடத்தில் அடுத்த பகுதியைக் குறிக்கிறது. நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் தடயம் டிஸ்க்குக்கு வந்து சேர்ந்துவிடும்.